பாவோ: ஒரு மயில் பெயரின் வழி

(கூட்டேரிப்பட்டில் நடந்த இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு லத்தீன் சொல். பாவோ. மயில் என்று பொருள். இந்தச் சொல்லைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் நெடுஞ்சாலையில் வந்து இறங்கும் இடம் கூட்டேரிப்பட்டு. அந்த மலைக்கு மயூராசலம் என்று பெயர். சூரபதுமன் முருகனுக்கு ஊர்தியாக வேண்டி மயில் வடிவ மலையாகத் தவமிருந்தான் என்று தல புராணம் சொல்கிறது. இங்கிருந்து தென்கிழக்கே போனால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. ரோமானியச் சாடிகளும் மட்கலங்களும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த இடம். மயிலும் ரோமும் இந்த வட்டாரத்தில்தான் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன. அதனால்தான், "பாவோ தமிழிலிருந்து போன சொல்தானே ஐயா?" என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன். ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்தால் கைதட்டுக் கிடைக்கும். உண்மை அவ்வளவு சுருக்கமாக இல்லை.

முதலில் ரோமுக்குப் போவோம். பாவோ என்ற சொல் லத்தீன் இலக்கியத்தில் தென்படும் மிகப் பழைய இடங்களில் ஒன்று என்னியஸ் என்ற கவிஞரின் காப்பியம். கி.மு. 239இல் பிறந்து 169இல் மறைந்தவர் அவர். ரோமர்கள் தங்கள் காப்பிய மரபின் தந்தை என்று கொண்டாடிய கவிஞர். தம் நூலின் தொடக்கத்தில் ஒரு கனவைச் சொல்கிறார். கனவில் கிரேக்க மகாகவி ஹோமர் வருகிறார். தம் உயிர் ஒரு காலத்தில் மயிலாகப் பிறந்திருந்தது என்றும், அதே உயிர்தான் இப்போது என்னியஸுக்குள் குடியிருக்கிறது என்றும் கூறுகிறார். மறுபிறப்பு என்பது பித்தாகரஸ் வழியாகத் தென் இத்தாலிக்குத் தெரிந்திருந்த கருத்து. ஆனால் ஒரு மகாகவியின் உயிர் தங்கிப் போவதற்கு எத்தனையோ பறவைகள் இருக்க, மயிலைத் தேர்ந்தது பாருங்கள், அது எனக்குப் பெரிய செய்தி. எங்கோ கீழைநாட்டிலிருந்து வந்த அந்தப் பறவையை இத்தாலியில் அப்போதே தெய்வத்தன்மை உள்ளதாக எண்ணியிருக்கிறார்கள்.

அடுத்த நூற்றாண்டில் அதே பறவை ரோமரின் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. குவின்டஸ் ஹார்டென்சியஸ் என்று ஒரு புகழ்பெற்ற வழக்கறிஞர், சிசரோவின் போட்டியாளர். மயிலை முதன்முதலில் விருந்தில் பரிமாறியவர் அவர்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு அது செல்வர்களின் வழக்கமாயிற்று. மார்க்கஸ் அவுஃபிடியஸ் லூர்கோ என்பவர் மயில்களைக் கொழுக்க வைத்து விற்றே ஆண்டுக்கு 60,000 செஸ்டர்ஸ் காசுக்கு மேல் வருமானம் பார்த்தார். இதை எழுதியவர் வர்ரோ. கி.மு. 37இல் அவர் எழுதிய வேளாண்மை நூலில் மயில் வளர்ப்புக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஒரு மயில் முட்டை 5 தெனாரியஸ் காசு, ஒரு மயில் எளிதாக 50 தெனாரியஸ், எந்த ஆடும் இந்த விலைக்குப் போகாது என்று கணக்குச் சொல்கிறார். ஆடு மாடு வளர்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒப்பீடு உடனே புரியும். பின்னால் வந்த ஹொரேஸ் என்ற கவிஞர், தோகை அழகுக்காகப் பொன்னைக் கொட்டி மயிலை வாங்குகிறீர்களே, உரித்துச் சமைத்த பிறகு கோழிக்கும் அதற்கும் சுவையில் என்ன வேறுபாடு என்று இடித்துரைத்தார். வித்தெல்லியஸ் என்ற பேரரசர் மயில்களின் மூளையை மட்டும் எடுத்து ஒரு பெரிய தட்டில் மற்றப் பண்டங்களோடு கலந்து வைத்த கதையும் உண்டு. ஹோமரின் உயிர் தங்கிய பறவைக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளில் நேர்ந்தது இது.

கோயிலில் மட்டும் அதன் இடம் மாறவில்லை. ரோமரின் வானரசி ஜூனோ. கிரேக்கர் அவளை ஹேரா என்பார்கள். அவளுடைய பறவை மயில். நூறு கண் படைத்த ஆர்கஸ் என்ற காவலன் கொல்லப்பட்டபோது அவன் கண்களை எடுத்து ஜூனோ மயிலின் தோகையில் பதித்தாள் என்று ஓவிட் பாடியிருக்கிறார். பேரரசி இறந்து தெய்வமானாள் என்று அறிவிக்கும் ரோமானியக் காசுகளில் மயிலைப் பொறித்தார்கள். பேரரசனுக்குக் கழுகு, அரசிக்கு மயில். மயிலின் இறைச்சி அழுகாது என்று அக்காலத்தில் நம்பினார்கள். கார்த்தேஜ் நகரில் தாமே அதைச் சோதித்துப் பார்த்ததாகப் புனித அகஸ்தீன் எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கையால் கிறித்தவர்களும் மயிலை அழியா வாழ்வின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ரோமின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் மயில் ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன.

சரி, பாவோ என்ற பெயர் எப்படி வந்தது? இதற்கும் வர்ரோவிடமே போகலாம். லத்தீன் மொழியைப் பற்றி அவர் எழுதிய மற்றொரு நூலில் பறவைப் பெயர்களைப் பேசும்போது, பெரும்பாலானவை அவற்றின் குரலால் வந்த பெயர்கள் என்கிறார். கொண்டலாத்தி, குயிலினம், அண்டங்காக்கை, ஆந்தை, வாத்தினம், கோழி, புறா என்று அடுக்கும் பட்டியலில் பாவோவும் இருக்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஸ்பெயினில் செவில் நகரத்து இசிதோர் தம் சொற்பிறப்பு நூலில் அதையே திருப்பிச் சொன்னார்: மயிலுக்குக் குரலால் பெயர். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. காக்கையும் கூகையும் தம் பெயரைத் தாமே கூவிச் சொல்லும் பறவைகள்தாம். விடியற்காலையில் மயிலம் மலையடிவாரத்தில் நின்று கேளுங்கள். இழுத்து எழும்பி, திறந்த வாயோடு முடியும் அந்தக் குரலில் ஒரு ரோமானியக் குடியானவனுக்குப் பா-வோ என்று கேட்டிருக்கலாம்.

ஆனால் இந்த விளக்கத்தோடு நின்றுவிட முடியாமல் கிரேக்கம் குறுக்கே வருகிறது. கிரேக்கத்தில் மயிலுக்குத் தாவோஸ். ஏதென்சில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பிரிலாம்பஸ் என்ற செல்வரின் குடும்பம் மயில் வளர்த்தது. மாதத்தின் முதல் நாளில் மட்டும் பொதுமக்கள் பார்க்கலாம். அதற்காக ஸ்பார்ட்டாவிலிருந்தும் தெசலியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சாமோஸ் தீவில் ஹேராவின் கோயிலில் மயில்கள் இருந்தன. அத்தீவின் காசுகளிலும் மயில் உண்டு. இந்தத் தாவோஸ் என்ற சொல்லை ஏதென்ஸ்காரர்கள் உச்சரித்த விதத்தைப் பழைய இலக்கண ஆசிரியர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தாஹோஸ் என்று, சொல்லின் நடுவே ஒரு மூச்சொலி. கிரேக்கச் சொற்களில் மூச்சொலி முதலெழுத்தில்தான் வரும். நடுவில் வருவது அந்த மொழியின் இயல்புக்கே மாறு. ஆகவே இது வெளியிலிருந்து வந்த சொல் என்று அன்றைக்கே ஏதென்ஸ்காரர்களின் காதுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு பக்கம் தா-வோஸ், இன்னொரு பக்கம் பா-வோ. பின்பாதி ஒத்துப்போகிறது, முதலெழுத்து ஒத்துப்போகவில்லை. கிரேக்கத் தகரம் லத்தீனில் பகரமாக மாறும் என்பதற்கு வழக்கமான ஒலி விதி எதுவும் கிடையாது. அதனால் மொழியறிஞர்கள் பலர், இரண்டும் கிழக்கிலிருந்து வந்த ஏதோ ஒரு சொல்லின் வெவ்வேறு வடிவங்கள் என்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். வந்த சொல்லை ஏற்றுக்கொண்ட லத்தீன்காரனின் வாய், மயிலின் குரலுக்கேற்ப அதை வளைத்திருக்கலாம். வர்ரோ சொன்னதும் பின்னால் வந்தவர்கள் சொன்னதும் அப்போது ஒன்றையொன்று மறுக்கத் தேவையில்லை.

அந்தக் கீழைச் சொல் எது? இங்கேதான் தமிழ் வருகிறது.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் அரசர்கள் முதல் நூல், 10ஆம் அதிகாரம். சாலமோனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றோடு துக்கியீம் என்ற ஒன்றையும் கொண்டுவந்தன என்று எபிரேய மொழியில் சொல்லியிருக்கிறது. ஒருமையில் துக்கி. புனித ஜெரோம் கி.பி. 400ஐ ஒட்டிய ஆண்டுகளில் விவிலியத்தை லத்தீனில் பெயர்த்தபோது அந்த இடத்தில் நம் பாவோவைத்தான் எழுதினார். ஆங்கில விவிலியங்கள் பலவற்றிலும் தமிழ் விவிலியத்திலும் மயில் என்றே இருக்கிறது. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இந்தத் துக்கியைத் தமிழ்த் தோகையோடு சேர்த்துப் பார்த்தார். உலகில் எழுதி வைக்கப்பட்ட மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார். தோகை, துக்கி, தாஹோஸ், பாவோ என்று ஒரு தொடர் போட்டவர்கள் அவருக்குப் பிறகு வந்தார்கள். நம் மேடைகளில் ஒலிப்பது அந்தத் தொடர்தான்.

இதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். தோகைக்கும் துக்கிக்கும் உறவு உண்டு என்பது வலுவான கருத்து. தோகை என்றாலே மயில் என்று பொருள்படும் ஆட்சி தமிழில் இருக்கிறது. தந்தமும் குரங்கும் வந்த கப்பலில் மயில் வந்தது என்பதும் இயல்பு. எதிர்க்கட்சியும் வெறுங்கையோடு இல்லை. ஆல்பிரைட் என்ற அறிஞர், துக்கி என்பது பழைய எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கின் பெயர் என்றார். பட்டியலில் அதற்கு முன்னால் நிற்பதும் குரங்கு என்பதால் அந்தக் கருத்துக்கு ஒரு பொருத்தம் கிடைக்கிறது. அரசர்கள் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்தில் மயிலையும் எழுதவில்லை, குரங்கையும் எழுதவில்லை. செதுக்கிய கற்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் காலத்திலேயே சொல்லின் பொருள் மங்கியிருந்தது. இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. மயிலுக்குத் தவாஸ் என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.

தோகையிலிருந்து தாஹோசுக்குப் போகும் கண்ணி இன்னும் மெல்லியது. நடுவில் நிற்கும் பாபிலோன், பாரசீகம் ஆகிய நாடுகளின் மொழிகளில் அந்தச் சொல் எந்த வடிவில் நடந்தது என்று காட்டியாக வேண்டும். பறவை அந்த வழியில் போனதற்குச் சாட்சி இருக்கிறது. பாவேரு ஜாதகம் என்ற பௌத்தக் கதையில் இந்திய வணிகர்கள் பாபிலோனுக்கு முதலில் ஒரு காக்கையைக் கொண்டுபோகிறார்கள். பறவையே காணாத அந்த ஊர்க்காரர்கள் அதைப் போற்றி வளர்க்கிறார்கள். அடுத்த முறை ஒரு மயிலைக் கொண்டுபோன பிறகு காக்கையைத் திரும்பிப் பார்ப்பார் இல்லை. பறவைக்கு இப்படி ஒரு சாட்சி இருக்கிறது, சொல்லுக்கு இல்லை.

கடைசிக் கண்ணி அரிக்கமேடு. இதைத்தான் நம் பகுதியில் அதிகம் சொல்கிறார்கள். அரிக்கமேட்டுத் துறையிலிருந்து ரோமுக்குக் கப்பல் போயிற்று, கப்பலில் மயில் போயிற்று, மயிலோடு பெயரும் போயிற்று என்கிறார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த இத்தாலிய மட்கலங்கள் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. என்னியஸ் மயிலைப் பாடியது அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னால். வர்ரோ மயில் முட்டைக்கு விலை எழுதிய காலத்தில் மயில் இத்தாலியிலேயே பொரித்து வளர்ந்துகொண்டிருந்தது. பெரிப்ளூஸ் என்ற கிரேக்க மாலுமி நூலில் நம் துறைமுகங்களின் சரக்குப் பட்டியல் இருக்கிறது. மிளகு உண்டு, முத்து உண்டு, தந்தம் உண்டு, மயில் இல்லை. அரிக்கமேட்டுக் கப்பலில் பாவோ என்ற சொல் போகவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன். அரிக்கமேட்டின் பெருமைக்கு இந்த ஒரு சொல் தேவையும் இல்லை.

இனி நம் சொற்களைப் பார்ப்போம். மயிலுக்குத் தமிழில் எத்தனை பெயர்! மயில், மஞ்ஞை, தோகை. வடமொழியிலிருந்து வந்த மயூரம், சிகி, கலாபம். வடமொழி மயூரமே திராவிடத்திலிருந்து பெற்றது என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். இருக்கு வேதத்திலேயே அந்தச் சொல் வந்துவிடுகிறது. பாவோவைவிட இந்த வழக்கில் நம் பக்கம் சான்று கூடுதல். ஆனால் இதைப் பேசுவோர் குறைவு.

தோகை என்ற சொல் இன்றும் நம் கொல்லையில் உயிரோடு இருக்கிறது. கரும்பின் நீண்ட இலைக்குத் தோகை என்றும் சோகை என்றும் சொல்கிறோம். முண்டியம்பாக்கம் ஆலைக்கு வெட்டும் கரும்பில் சோகை உரிக்கும் பெண்கள் வாயில் புழங்கும் அந்தச் சொல்தான், சாலமோனின் கப்பலோடு சேர்த்துக் கால்டுவெல் பேசிய சொல்லும். நீண்டு தொங்கி அசைவது தோகை. ரோமன் மயிலின் குரலைப் பிடித்தான் என்றால் தமிழன் அதன் வாலைப் பிடித்தான். குரலுக்குத் தமிழ் தனி வினையே வைத்திருக்கிறது. மயில் அகவும். ஆசிரியப்பாவின் ஓசைக்கு அகவல் என்று பெயர். மயிலின் குரல் போல இருப்பதால் அகவல் என்று வகுப்பறைகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. அகவுதல் என்றால் உரக்க அழைத்தல். சங்கப் பாட்டில் குறி சொல்லும் பெண் அகவன்மகள். அழைத்துப் பாடும் பாட்டு அகவல், அழைத்துக் கூவும் மயிலும் அகவும். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரவில்லை.

தொல்காப்பிய மரபியலில் ஒரு விதி இருக்கிறது. சிறகுள்ளவற்றில் ஆணையெல்லாம் சேவல் என்று சொல்லலாம், மயிலை மட்டும் சொல்லக்கூடாது. அந்தப் பெருந்தோகைக்குச் சேவல் என்ற ஆண்மைப் பெயர் பொருந்தாது என்று உரையாசிரியர் காரணம் காட்டுவார். ஆங்கிலத்தில் மயிலுக்குப் பீகாக் என்கிறோமே, அதில் காக் என்பது சேவல். பீ என்பது பாவோவின் தேய்ந்த வடிவம். பாவோ பழைய ஆங்கிலத்தில் பாவா என்று நுழைந்து, பீ என்று சுருங்கி, அதோடு சேவல் ஒட்டிக்கொண்டு பீகாக் ஆயிற்று. தொல்காப்பியர் கூடாது என்றதை ஆங்கிலம் செய்திருக்கிறது. அந்த மொழியில் அது குற்றமில்லை. ஒரே பறவையை இரண்டு மக்கள் எவ்வளவு வேறாகப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கில் உங்களுக்குத் தெரியும். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர் அது. அவன்மேல் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வள்ளல்கள் எழுவரைச் சொல்லும் இடத்தில், மயிலுக்குப் போர்வை தந்த பேகன் வருகிறான். மழைக்காலத்து மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் ஆடையைக் கொடுத்தவன். ரோமில் முட்டைக்கு விலை பேசினார்கள், இங்கே மயிலுக்குக் குளிருமே என்று ஒரு மன்னன் வருந்தினான். இந்த ஒப்பீட்டை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அசோகரின் முதல் பாறைக் கல்வெட்டைப் படித்தால், அவருடைய அரண்மனைச் சமையலறையிலும் நாள்தோறும் இரண்டு மயில்கள் கறியாகிக்கொண்டிருந்தன, இனி அவையும் கொல்லப்படமாட்டா என்றுதான் எழுதியிருக்கிறது. மயிலை உண்டதும் இந்த நாடு, விட்டதும் இந்த நாடு. மேல்சித்தாமூர் மடத்தின் சமணப் பெரியவர்கள் கையில் மயிற்பீலி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடக்கும் இடத்திலும் அமரும் இடத்திலும் உள்ள சிற்றுயிரை நோகாமல் ஒதுக்க அந்தப் பீலி. பறவை தானே உதிர்த்த இறகால் கட்டுவது.

பாவோவின் பிள்ளைகள் ஐரோப்பா முழுதும் இருக்கிறார்கள். ஜெர்மனில் ப்ஃபாவ், டச்சில் பாவ், இத்தாலியத்தில் பாவோனே, ரஷ்யத்தில் பாவ்லீன். பிரெஞ்சில் பான் என்று எழுத்தில் இருப்பதை மூக்கொலியோடு ஒலிப்பார்கள். புதுச்சேரியில் பள்ளி படித்த நம் பெரியவர்கள் அந்தச் சொல்லைப் படித்திருப்பார்கள். இவற்றையெல்லாம் அடுக்கிக்கொண்டு போவதில் பயன் இல்லை. ஸ்பானியத்தில் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

1519இல் ஸ்பானியர்கள் மெக்சிகோவுக்குள் நுழைந்தபோது, வாலை விசிறியாக விரித்து நடக்கும் ஒரு பெரிய பறவையைக் கண்டார்கள். நாம் வான்கோழி என்கிறோம். அவர்களுக்குத் தெரிந்தது மயில்தான், அதற்கு வைத்த பெயர் பாவோ. வான்கோழி பெருகிப் பெருகி அந்தப் பெயரைத் தனக்கே ஆக்கிக்கொண்டது. உண்மையான மயிலுக்கு அரசப் பாவோ என்று அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. அதே வான்கோழியைப் பிரெஞ்சுக்காரர் இந்தியாவின் கோழி என்ற பொருளில் தேந்து என்றார்கள். துருக்கியர் இந்தி என்றார்கள். ஆங்கிலேயர் துருக்கி என்றார்கள். மெக்சிகோவின் பறவைக்கு மெக்சிகோவின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. இதில் நமக்கும் பங்குண்டு. வேர்க்கடலையை இந்த வட்டாரத்தில் மல்லாட்டை என்கிறோம். மணிலாக்கொட்டை என்பதுதான் அப்படி ஆயிற்று. கடலை பிறந்தது தென்னமெரிக்காவில், பெயர் மட்டும் பிலிப்பைன்ஸ் துறைமுகத்தினுடையது. கப்பல் கடைசியாக எங்கிருந்து வந்ததோ அந்த ஊரின் பெயர் சரக்குக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளின் பிறந்த ஊரைத் தீர்மானிக்க முடியாது என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பாவோ இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. 1758இல் லின்னேயஸ் நம் மயிலுக்குப் பாவோ கிறிஸ்டாட்டஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். கொண்டையுள்ள மயில் என்று பொருள். அது மறைவாக வந்த வழியும் ஒன்று உண்டு. வாதத்துக்குச் சித்த மருத்துவர் கொடுக்கும் சிற்றாமுட்டித் தைலத்தின் செடிக்குத் தாவரவியலில் பாவோனியா என்று பெயர். ஹோசே அந்தோனியோ பாவோன் என்ற ஸ்பானியத் தாவர அறிஞரைப் போற்றி வைத்தது. அவருடைய குடும்பப் பெயரே மயில். வேலியோரத்தில் நிற்கும் சிற்றாமுட்டிக்குள்ளும் ரோமானிய மயில் இருக்கிறது.

தாவோசும் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பாரசீகத்திலும் அரபியிலும் தாவூஸ் என்று நடந்து, மொகலாயர் அவைக்கு வந்தது. 1635இல் ஷாஜகான் ஏறி அமர்ந்த மயிலாசனத்துக்குத் தக்தே தாவூஸ் என்று பெயர். 1739இல் நாதிர்ஷா அதைக் கொள்ளையடித்துக்கொண்டு போனான்.

வானத்திலும் பாவோ உண்டு. 1595இல் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்ட டச்சுக் கப்பல்களில் கெய்சர், ஹவுட்மன் என்ற இரண்டு மாலுமிகள் தென்வான மீன்களை அளந்து குறித்தார்கள். கெய்சர் ஊர் திரும்பாமல் கிழக்கிலேயே இறந்தார். அவர்கள் குறிப்பைக் கொண்டு பிளான்சியஸ் என்ற நிலப்பட வல்லுநர் வகுத்த புதிய விண்மீன் கூட்டங்களில் ஒன்று பாவோ. புரட்டாசி முன்னிரவில் தெற்கே அடிவானத்துக்குச் சற்று உயரத்தில் அதன் தலைமை விண்மீனை இங்கிருந்தே பார்க்கலாம். ஐரோப்பாவிலிருந்து அது தெரியாது.

பறவையைப் பற்றி ஒரு வார்த்தை. 1963இல் மயில் நம் தேசியப் பறவை ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. மல்லாட்டைக் கொல்லையில் மயில் இறங்கி விதையைக் கிளறும்போது விவசாயிக்கு வரும் கோபம் எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. இழப்பீட்டை உரிய காலத்தில் கேட்டுப் பெற ஊர் ஒன்று சேர வேண்டும். விதையில் விஷம் கலந்து வைப்பது மட்டும் வேண்டாம்.

முடிவாக, கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பாவோ தமிழ்ச் சொல் என்று நிறுவ இன்று சான்று இல்லை. தோகைக்கும் எபிரேயத் துக்கிக்கும் உறவு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. துக்கிக்கும் தாவோசுக்கும் நடுவே உள்ள வெளியை இன்னும் யாரும் நிரப்பவில்லை. இதற்கு மேல் இன்று சொன்னால் அது ஆராய்ச்சி ஆகாது.

அந்த வெளியை நிரப்பும் வேலையை மயிலத்தில் தமிழ் படிக்கும் மாணவர்களிடம் கேட்டு நிற்கிறேன். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் இடையன்குடியில் இருந்துகொண்டு தமிழையும் எபிரேயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாம் அவர் சொன்னதை மேற்கோள் காட்டுவதோடு நிறுத்திவிட்டோம். கிரேக்கத்துக்கு 24 எழுத்து, எபிரேயத்துக்கு 22. தமிழில் 247 எழுத்தைக் கற்ற பிள்ளைகளுக்கு இது எட்டாத காரியம் அல்ல. உங்களில் ஒருவராவது கிரேக்கமும் எபிரேயமும் லத்தீனும் முறையாகக் கற்று, மூல நூலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வழக்கைப் பேச வாருங்கள்.